அக்கி என்று நினைத்தது

புரட்டாசி 28, திங்கள்
காலை மப்பு. மழை இல்லை.
உறுதியானது: தங்கச்சி எஸ்தருக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். ஆதாரம்: லேப் ரிப்போர்ட், நானே படித்தது.
உறுதியாகாதது: சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது.
கன்னத்துச் சிவப்பை அக்கி என்று நினைத்து மூன்று தடவை காவி பூசி எழுதினோம். அக்கி எழுதுபவரிடம் கூட்டிப்போனது நான். பத்திரிகைக்கு இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு செய்தி கொடுத்ததில்லை. இதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

செவ்வாய்
எஸ்தரின் நாத்தனார் ரோஸ்லின் மதினி கயத்தாற்றிலிருந்து வந்தார். அவர் மகனுக்குத்தான் எஸ்தர் மகள் ஜாய்ஸைப் பேசியிருக்கிறது.
"உங்க வீட்டு ரத்தத்துல ஓடுதுன்னா சொல்லிருங்க அண்ணாச்சி. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும்லா."
தெரியாது என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
காபி குடிக்காமல் போய்விட்டார்.

புதன்
மதுரை. எஸ்தர் அட்மிட். சிறுநீரகத் திசு எடுத்தாயிற்று. டாக்டரம்மாவிடம் ஏழு கேள்வி.
- ஒரே மரபணு காரணமில்லை. பல சேர்ந்து ஆபத்தைக் கூட்டும். வெயிலும் தூண்டும்.
- ஐரோப்பியர், சீனர், ஆப்பிரிக்க வழியினர்: சில மரபணு மாற்றங்கள் பொது, சில வேறு. நம் ஆட்களிடம் ஆய்வு செய்தது குறைவு.
- மகளுக்கு? "மத்தவங்களைவிட வாய்ப்பு கூடுதல். ஆனா பெரும்பாலானவங்களுக்கு வராது."
ஆய்வுக்குக் குடும்பத்தார் ரத்தம் கேட்டார். நான் கொடுத்தேன். எஸ்தர் படிவத்தைப் பார்த்தபடியே: "மதினிக்குத் தெரிஞ்சா?"
ஜாய்ஸ் பேனாவை வாங்கிக்கொண்டாள். "தெரியட்டும்மா. வெள்ளைக்காரி ரத்தத்துல பார்த்ததை வச்சா எனக்கு ஜாதகம் பார்க்கணும்?"
எஸ்தர் சிரித்துவிட்டாள். இருவரும் கையெழுத்து.

வியாழன்
சாரல். கயத்தாறு போய் மதினியிடம் எல்லாம் சொன்னேன். நான் அக்கி எழுதக் கூட்டிப்போனது உட்பட.
"கூடுதல்ங்கீய, வராதுங்கீய. பேப்பர்காரர் பேச்சு."
"தெரிஞ்சது அவ்வளவுதான் மதினி."
மதினி அடுப்பில் பாலை வைத்தார். பிறகு: "வெயிலாகாதுன்னா விளாத்திகுளத்துல எஸ்தரோட மிளகாய்க் காட்டை யாரு பார்க்குதது? நான் அங்கன போய் இருக்கேன்."
ஓலை பற்றிக் கேட்டேன்.
"மொதல்ல அவ கிட்னி."
காபி கொடுத்தார். குடித்தேன்.
நிலுவை: மரபணு முடிவு, ஒரு வருஷம் ஆகலாம். ஓலை, நாள் சொல்லவில்லை. திசு முடிவு, சனி மதியம்.