உன் பெயர் இருந்த இடத்தில் ஓர் எண்

கெண்டு பே,
வியாழக்கிழமை

அன்பு மகன் ஒகோலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்துகிறது. நீ அந்தப் பின்லாந்துக் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் யார் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் நீ எப்போதும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே பேசுகிறாய், 'சரிப்பா, சரிப்பா' என்கிறாய், வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது அந்த அவசரத்துக்குள் அடங்காது. உன் தங்கை டோர்கஸின் சிநேகிதி ஒருத்தி உங்கள் ஊர்ப் பக்கம் நர்ஸ் வேலைக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வறுத்த வேர்க்கடலையும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், டோர்கஸ் கையால் வறுத்தது, அதனால் பாதி கருகித்தான் இருக்கும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சோளத்தில் களை மண்டிவிட்டது, உன் சித்தப்பா ஒடேரா ஆள் பிடித்து வருகிறேன் என்று போனவன் இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறான். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மீன்காரி இப்போதும் பழக்கத்தில் இரண்டு மீன் எடுத்து வைக்கிறாள், ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, இரண்டையும் வாங்கி வந்து ஒன்றைப் பூனைக்குப் போடுகிறேன். பூனை நன்றாகக் கொழுத்திருக்கிறது. ஒரு ஆளுக்குக் களி கிண்டுவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பேச ஆளில்லாமல் ரேடியோவைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்கள் என்ன நினைப்பார்களோ.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் அடக்கத்தை வீடியோப் படம் எடுத்த மௌரிஸ், ஸ்டூடியோவை மூடிவிட்டுக் கிசுமுவுக்குப் போகிறான். போவதற்குள் படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அவனே வீட்டுக்கு வந்தான். ஏற்றப் பார்த்தால் இடம் இல்லை. "பெரியவரே, உங்க மகன் பேர்ல ஒரு கணக்கு இருக்கு, பெட்டியில முக்கால்வாசி அவர்தான் காலை நீட்டிப் படுத்திருக்கார்" என்றான். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அதுல ஒண்ணுமில்லப்பா, எல்லாம் பழசு, அழிச்சிடுங்க" என்றாய். நானும் மௌரிஸ் காட்டிய இடத்தில் அழுத்தினேன். கணக்குப் போய்விட்டது. இப்போது கம்ப்யூட்டரைப் போட்டால் என் பெயர் மட்டும்தான் வருகிறது. ஆனால் இடம் ஒரு துளி கூடக் கூடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் உன் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. அதை அழிக்கப் போனால், உனக்கு அனுமதி இல்லை, இன்னாரிடம் அனுமதி வாங்கி வா என்கிறது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மறுநாள் பார்த்தேன், அதே பல்லவி. அந்த இன்னார் யார் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒகோலா என்று இல்லை. கோடு கோடாகப் போட்டு ஒரு நீள எண், அவ்வளவுதான்.

சந்தையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவினோவைக் கூட்டிவந்தேன், நம் பங்காளி வீட்டுப் பெண்தான், கை சுத்தம், வாய்தான் நீளம். அவள் பார்த்துவிட்டு, "இந்த நம்பரே உங்க மகன்தான் பெரியப்பா. கணக்கை எடுத்ததும் பேரு போயிடுச்சு, உரிமை மட்டும் நம்பரா நிக்குது" என்றாள். உன் தாத்தா என் கனவில் வந்து தன் பேரனுக்கென்று கேட்டு வாங்கிய பெயர் அது, அதை நான் ஒரு விரலால் தட்டி எடுத்துவிட்டேனே என்று இருந்தது. அதே பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அதே பேர்ல பத்துப் பேரைக் கொண்டாந்து நிறுத்துங்க, ஒருத்தரையும் இது சேர்த்துக்காது. இதுக்குப் பழைய ஆளைத்தான் தெரியும்." வேறு என்ன வழி? "சுலபம் பெரியப்பா. சொந்தக்காரர்ங்கிற இடத்துல உங்க பேரைப் போட்டுக்கணும், அப்புறம் மொத்தத்தையும் துடைச்சுத் தள்ளிடலாம்" என்று சொல்லிக்கொண்டே தட்ட ஆரம்பித்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது.

"என்ன பெரியப்பா?" என்று திகைத்துப் போனாள். மகன் உயிரோடு இருக்கும்போது அவன் வீட்டை அப்பன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டேன். "இது வீடு இல்லையே, கம்ப்யூட்டருதானே" என்றாள், ஆனால் அவளும் நம் மண்ணில் பிறந்தவள்தானே, ஜன்னல் வழியாக, வெளிவாசல் பக்கம் நீ உனக்கென்று கட்டிய குடிலைப் பார்த்தாள், அப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். ஒடேரா கேள்விப்பட்டு வந்து, "அண்ணே, நாளைக்கு அந்த ரேடியோவுக்கும் பொண்ணு பாக்கப் போறியா?" என்று மானத்தை வாங்கிவிட்டான்.

அவனுக்குச் சிரிப்பு. உன் குடிலின் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, அந்த மரத்தைப் பிரித்து மாட்டுக்கொட்டகைக்குக் கொடு என்று அவன் கேட்காத நாள் இல்லை. நான் மாட்டேன் என்கிறேன். மகன் தனக்கென்று வேறு வீடு கட்டிப் போன பிறகு அது தானாக விழ வேண்டும், அப்பன் கை படக்கூடாது, இது உனக்குத் தெரியாததா? நீ அதைக் கட்டிய நாள் முதல் நான் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. அம்மா உள்ளே பெருக்கும்போது கூட வெளியே நின்றுதான் பேச்சுக் கொடுப்பேன். இப்போது பெருக்க ஆளில்லை, பூட்டியே கிடக்கிறது. கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன், பாட்டோ, பந்தாட்டமோ, ஏதாவது பெண்ணின் போட்டோவோ, அது உன் பாடு.

இருந்த சொச்ச இடத்தில் படத்தின் சின்னத் துண்டு ஒன்றுதான் ஏறியது. எது வேண்டும் என்று மௌரிஸ் கேட்டபோது, பிள்ளைகள் மண் போடுவது என்றேன். டோர்கஸ் போடுகிறாள், விலகுகிறாள். அதன் பிறகு கேமரா அந்தக் குழியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, யாரும் வருவதில்லை. அடுத்த பிள்ளை வரும் என்று காத்திருந்தேன் என்று மௌரிஸ் சொன்னான், அவனுக்கு நம் குடும்பம் தெரியாது. உன்னைக் குறை சொல்லவில்லை, அடக்கத்துக்கு வரப் பயணக் காகிதம் கிடைக்காமல் நீ அங்கே தவித்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்கிறார்கள். வாங்கிவிடுவேன், முழுப் படமும் பத்திரமாக இருக்கும், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. எனக்கு இடம் பிரச்சினை இல்லை மகனே. நீ அழிச்சிடுங்க என்றது அந்தப் பழைய சாமான்களை மட்டுமா, இங்கே உனக்கு இருக்கிற இடத்தையும் சேர்த்தா? அது தெரியாமல்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெயரை அங்கே எழுதினால் நீ வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. இனி இங்கே இல்லை என்பது உன் முடிவென்றால் அதை உன் வாயால் தெளிவாகச் சொல். கோபப்பட மாட்டேன். ஆனால் அழமாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சொன்ன அன்றே அவினோவைக் கூப்பிடுகிறேன். சொல்லாத வரைக்கும் அது உன்னுடையது, நான் காவல்.

நீ போகும் வழியெல்லாம் ஆண்டவர் முன்னே நடக்கட்டும், உன் கைவேலை பலிக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் மேசைக்கு வரட்டும். காதை மூடித் தொப்பி போடு, வெறுங்காலோடு தரையில் நடக்காதே. பதில் எழுத நேரம் இல்லையென்றால் எழுதாதே. வா.

அம்மாவுக்கும் சேர்த்து ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா
எலீஷா ஒபுரு