கார்ப் புகையை நான் நிறுத்திய விதம்

கோபக்காரிக்கு,

என் பொய்ப்பல் செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு வார்த்தைகூடக் கட்டுக்கதை இல்லை.

காரில் புகை நின்றுவிட்டது. "மாசமா இருக்கிற பொண்ண இந்தப் புகையிலயா ஏத்திட்டு வருவீங்க? ரிப்பேருக்கு என் தம்பியக் கூப்பிடுங்கன்னா அப்படி என்ன வீம்பு!" என்று நேற்று கத்தினாயே, இனி அந்தக் கவலை வேண்டாம். மகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் காரிலேயே போகிறேன்.

கோளாறு இதுதான். இஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகும். வெளியே வரும்போது தன் கனத்தில்தான் வடியும். அதனால் வடிகுழாய் நேராகத் தரையைப் பார்க்க வேண்டும். நானே கழற்றி மாட்டியதில் அது பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடியாத ஆயில் சைலன்சர் பக்கம் கசிந்து, எரிந்து, நீலப் புகையாக வந்தது. எதிர்வீட்டுக்காரர் இருட்டிவிட்டதென்று மத்தியானமே கதவைச் சாத்திப் படுத்தது அதனால்தான்.

காலையில் நீ கிளம்பியதும் இடக்கையால் இஞ்சினைத் தூக்கிப் பிடித்தேன், வலக்கையால் டர்போவைத் திருப்பி வைத்தேன். "பெரியவரே, இப்பத்தான் எனக்கு மூச்சே வருது" என்றது. ஸ்டார்ட் செய்து பார்த்தால் பொட்டுப் புகை இல்லை. எனக்கும் இப்போதுதான் மூச்சு வருகிறது.

பாலைக் காய்ச்சி மூடிவைத்திருக்கிறேன். மாடி அறைச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. அவளுக்குக் கட்டிலைத் தட்டிப் போடு.

பி.கு. சோறு ஓர் ஆளுக்குக் கூடுதலாக வை. உள்ளறையில் முழங்கை வரை ஆயிலோடு தூங்குவது உன் தம்பி.