ஓணானுக்கு வெயில் வேண்டி

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
(செவ்வாய்க்கிழமை தாடி ஓணானைக் கொண்டுவந்து ஒப்படைத்தவள்)

பெறுநர்:
உரிம அலுவலர் அவர்கள்,
வளர்ப்பு விலங்குகள் உரிமப் பிரிவு.

பொருள்: தங்கள் அறையில் பாதுகாப்பில் வைக்கப்பட்டுள்ள தாடி ஓணானுக்கு, வரும் தொடர் விடுமுறையிலும் பகலில் வெப்பமும் வெளிச்சமும் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவை அனைத்தையும் நடந்தபடியே எழுதுவேன் என்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். எங்களுக்குச் சாதகமில்லாததையும் மறைக்கமாட்டேன். யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. புகார் மனுவாகக் கொடுத்தால்தான் தங்கள் மேசைக்கு உடனே போகும் என்று எழுத்தர் அக்கா சொன்னதால் இப்படி எழுதுகிறேன்.

1. இந்த ஓணான் காட்டில் பிடிக்கப்பட்டது அல்ல. உரிமம் பெற்ற பண்ணை ஒன்றில் முட்டையிலிருந்து பொரித்தது. எங்களோடு வசித்த என் சித்தப்பா முறைப்படி வாங்கி, தன் பெயரில் உரிமமும் எடுத்தார். பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போகும்போது ஓணானை என்னிடம் விட்டுச் சென்றார். அன்று முதல் கீரை நறுக்குவது, புழு வளர்ப்பது, கூண்டைத் துடைப்பது, விளக்கின் சூட்டை அளந்து பார்ப்பது எல்லாம் என் வேலை. புழுப் பெட்டி குளியலறையில் இருப்பதில் என் அம்மாவுக்கு உடன்பாடு இல்லை. தாடியை உப்பிக்கொண்டு வருவோர் போவோரை எல்லாம் முறைப்பதால், அம்மா அதற்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்தார். அப்பா இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

2. உரிமச் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சில விதிகள் உள்ளன. பள்ளி விடுமுறையில் அவற்றைப் படித்தேன். உரிமம் விலங்குக்கோ வீட்டுக்கோ உரியது அல்ல, வளர்ப்பவருக்கு உரியது. வளர்ப்பவர் மாறினால் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “வீடு அதேதான், கூண்டு அதேதான். இதுல என்னம்மா மாறிச்சு?” என்றார். “ஆளு மாறிட்டாருப்பா” என்றேன். அண்ணன் மட்டும், “ஒருத்தரும் கேக்கல. நீயா போய் ஏன் தலைய குடுக்கற?” என்று கேட்டான். கேட்காவிட்டாலும் விதி விதிதான் என்று நான் பதில் சொன்னேன்.

3. அப்பா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை இங்கே அழைத்து வந்தார். விண்ணப்பத்தோடு ஓணானையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆரோக்கியமாக இருக்கிறதா என்று தாங்கள் பார்க்க விரும்புவீர்கள் என நினைத்தேன். அப்படி யாரும் கேட்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. “காகிதத்த மட்டும் கொண்டுவந்திருந்தா போதுமேம்மா, இதை எதுக்கு தூக்கிட்டு வந்த?” என்று எழுத்தர் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். செல்லத்தக்க உரிமம் இல்லாத விலங்கு தங்கள் பார்வைக்கு வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை என்று தாங்கள் விளக்கினீர்கள். “நீ செஞ்சது சரிதான் பாப்பா. ஆனா திருப்பிக் குடுத்தா நான் தப்பு பண்ணவனா ஆயிடுவேன்” என்றும் சொன்னீர்கள். அதை நான் ஏற்றுக்கொண்டேன். இப்போதும் ஏற்கிறேன். வீட்டுக்குப் போனதும், “சட்டமேதை வந்தாச்சு! மாமனார் எங்க?” என்று அண்ணன் கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அவன் பங்கு மொறுமொறுப்பான ரொட்டியை என் தட்டில் வைத்தான்.

4. இந்த அலுவலகத்தில் ஓணானை யாரும் துன்புறுத்தவில்லை. எல்லோரும் அன்பாகவே நடத்துகிறார்கள். என் கவலையே அதனால்தான். வெளியே வெயில் அதிகம் என்று அதைத் தங்கள் குளிரூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள். “ஏசில ராஜா மாதிரி இருக்கு, நமக்குத்தான் அந்த யோகம் இல்ல” என்றார் எழுத்தர் அக்கா. இளைத்துவிடக் கூடாதென்று வேளை தவறாமல் கீரையும் புழுவும் ஊட்டுகிறார்கள். நேற்று பள்ளி விட்டதும் வந்து பார்த்தேன். தோல் கறுத்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. வயிறு உப்பியிருந்தது. விரலை நீட்டினேன், முறைக்கவில்லை. “சாதுவா இருக்கும்மா, தொல்லையே இல்ல” என்றார் அக்கா. அது சாதுவாக இல்லை ஐயா. குளிர்ந்துபோய் இருக்கிறது.

5. நம்மைப் போல அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலில் அல்லது விளக்கின் அடியில் படுத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டால்தான் தின்றது செரிக்கும். இல்லாவிட்டால் உணவு வயிற்றுக்குள்ளேயே அழுகிவிடும். நூலகத்தில் படித்ததை மட்டும் நம்பாமல், அப்பாவை விலங்கு மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். “முதல்ல தீனியை நிறுத்துங்க. சூடு குடுங்க. இப்படியே ரெண்டு மூணு நாள் விட்டா நான் பார்த்தும் பிரயோஜனம் இருக்காது” என்றார்.

6. ஆகவே இன்று அதன் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். தாங்கள் வெளியே ஆய்வுக்குச் சென்றிருந்தீர்கள். காவலாளி மாமா விளக்கை உள்ளே கொண்டுபோக அனுமதிக்கவில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமானது. “ஒரு தடவ எவரோ ஹீட்டர போட்டுட்டு மறந்து போயிட்டாரு. மேசையே கருகிப்போச்சு. அதுலேருந்து வெளியேருந்து வர்ற சாமான் எதையும் பிளக்குல சொருக விடுறதில்ல. சாயங்காலம் மெயினையே நிறுத்திடுவேன்” என்றார். இரவில் நிறுத்துவது பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஓணானுக்கும் இரவில் இருட்டு வேண்டும். ஆனால் நாளை முதல் திங்கள் வரை அலுவலகம் விடுமுறை. தங்கள் அறையின் சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் இருக்கிறது. பகலிலும் அங்கே இரவுதான்.

7. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் உரிமம் இல்லாமல் ஓர் ஆமை வளர்க்கிறார். நடந்ததைக் கேள்விப்பட்டு, “இதுக்குத்தான் நான் அந்த ஆபீஸ் பக்கமே தலைவச்சுப் படுக்கறதில்ல” என்று சிரித்தார். அவர் யார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை; அதற்காக மன்னிக்கவும். ஆனால் அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மாமனார் பிழைத்து, முறையான உரிமத்தோடு, எங்கள் வீட்டிலோ வேறு நல்லவர் வீட்டிலோ இருந்தால் அதுவே பதிலாகும். அதைக் காட்டி அவரையும் இங்கே அழைத்து வர முடியும். செத்துப்போனால் அவர் ஆமையை இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பார்.

ஆகவே, ஓணானை இன்றே குளிரூட்டிய அறையிலிருந்து மாற்றவும், உடம்பு சூடாகும்வரை உணவு கொடுக்காதிருக்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். விளக்கைப் பொருத்த அனுமதி கிடைத்தால், மின்தூக்கி பழுதுபார்ப்பவரான என் அப்பா அதைப் பாதுகாப்பாக இணைத்துத் தருவார். பகல் முழுதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் சம்மதித்திருக்கிறார். அதுவும் இயலாதெனில், விடுமுறை முடியும்வரை விலங்கு மருத்துவரிடம் ஒப்படைக்கலாம். எங்களிடம்தான் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயர் மாற்றத்தைத் தாங்கள் நிதானமாக ஆராய்ந்து முடிவு செய்யுங்கள். முடிவு எங்களுக்கு எதிராக இருந்தாலும் வாதாடமாட்டேன். அந்த முடிவு வரும்போது ஓணான் உயிரோடு இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை, சுவரோரப் பெஞ்சு
நாள்: வெள்ளிக்கிழமை மாலை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(மாணவியின் கையொப்பம்)
(உடன் வந்த தந்தையின் கையொப்பம்)

பின்குறிப்பு: மனுவை எழுத்தர் அக்காவிடம் கொடுக்க எழுந்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்துக்கொண்டிருக்கிறார். மெயினை நிறுத்த வந்த காவலாளி மாமா, “எங்க தலைக்கு மேல இருக்கற லைட்டை மட்டும் கொஞ்ச நேரம் அணைக்காம விடுங்க” என்று அப்பா கேட்டதற்கு, “மெயின்ல தனித்தனியா கிடையாது சார்” என்றார். அப்பா விளக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாசற்கதவின் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். மெயினை நிறுத்தியதும் குளிர்சாதனம் நின்றது, அதற்கு நன்றி. விளக்குகளும் அணைக்கப்பட்டன.