வெள்ளையம்மாவுக்குக் காலர் பக்கம்

ஜூலை 1, செவ்வாய்

விடாத மழை. சிரட்டைக்கரி நமுத்துப்போய், இஸ்திரிப் பெட்டி சூடேறவே அரை மணி.

ஹோம்ஸ்டே துணி: விரிப்பு 14, தலையணை உறை 20. முதலாளி ராஜு சேட்டனுடையது: வெள்ளைச் சட்டை 6, காவி முண்டு 2.

காணாமல் போன விரிப்பு கிடைத்துவிட்டதாம். அவர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அங்கே பெருக்குகிற லீலா சொன்னாள். போன வாரம் வெள்ளைக்காரர்கள் முன்னால் என் கூடையைக் கவிழ்த்துத் தேடிய ஆள் அவர். "பாண்டிகளெ நம்பான் கொள்ளில்லா" என்று வேறு, தமிழாட்களை நம்ப முடியாதாம். பதினொரு வருடமாக அவர் சட்டைக்குக் கஞ்சி போடும் கை இது.

இன்று எதிரே வந்தார். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை? ம்ஹும். குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 2, புதன்

மழை. தேய்த்த துணி அடுக்கின் மேல் என் பூனை வெள்ளையம்மா. சூடு எங்கேயோ அங்கே அவள். தினமும் விரட்டுவேன்.

இன்று விரட்டவில்லை. கடைக்கு வந்தாலே சேட்டனுக்குத் தும்மல். கரிப்புகை என்பார். கரி மூட்டாத நாளிலும் தும்முவார், அது பூனை முடியால் என்று எனக்குத்தான் தெரியும். வெள்ளையம்மாவை அவர் பார்த்ததே இல்லை. ஆள் தலை தெரிந்ததும் மேசைக்கு அடியில் போய்விடுவாள்.

எலி வளைக்கு முன்னால் அவள் கத்துவதில்லை, சாபம் விடுவதில்லை. உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் ஒரு வாரமாக அழுது என்ன கண்டேன்?

வெள்ளைச் சட்டை, வெள்ளை முடி. காலர் பக்கம் அவளுக்கு.

ஜூலை 4, வெள்ளி

லீலா: "அக்கா, சேட்டனுக்குக் காலைலேர்ந்து ஒரே தும்மல். சாயாகூடக் குடிக்க முடியல. முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணினேன்."

"ஐயோ பாவம்" என்றேன். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்துக்கொண்டேன். மீனைத் திருடிவிட்டு வந்து காலை நக்கும்போது வெள்ளையம்மாவுக்கு இருக்கும் அதே முகம்.

ராத்திரி நல்ல தூக்கம். ரொம்ப நாளைக்குப் பிறகு.

நீலம் வாங்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

மனசு சரியில்லை.

தும்மல் பூனையால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சேட்டன் மகள் அம்மு கொல்லைப்புறத்தில் சோறு வைக்கும் செம்பட்டைப் பூனை, காது கிழிந்தவன். அவனைச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தோப்பும்படி மீன் ஹார்பரில் விட்டுவிட்டார் சேட்டன். குழந்தை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

ஒன்றும் செய்யாதவனுக்குச் சாக்கு. என் கூடையைக் கவிழ்த்தது போலவே. இந்த முறை குற்றவாளி நான்.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் கடையை மூடிவிட்டு ஹார்பர் போனேன். ஐஸ் பெட்டிகளைச் சுற்றி எத்தனை செம்பட்டைப் பூனைகள்! கிழிந்த காதை வைத்துத் தேடினேன். ஒரு மீன்காரச் சேச்சி காலடியில் இருந்தான், வாயில் சாளை மீன்.

"கொண்டு போ மோளே. ரெண்டு நாளா என் கூடையே காலி."

அழுக்குத் துணிப் பையில் போட்டேன். கையில் நாலு கீறல். சரி, எனக்கு வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அம்முவிடம் காதோடு சொன்னேன்: "என் கடையில இருக்கான். அப்பாகிட்ட மூச்சு விடாதே." குழந்தை கடைக்கு ஓடிவந்து, பள்ளிப் பையிலிருந்து பாதி பிஸ்கட்டை எடுத்து அவனுக்குக் கொடுத்தது.

இத்தோடு போதும் என்று நினைத்தேன். நாளை சட்டையெல்லாம் உதறித்தான் கொடுக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

தூறல். சேட்டன் தானே கடைக்கு வந்தார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர். பூனைகள் இரண்டும் மேசைக்கு அடியில்.

"செல்வீ, பூச்சயக் கொண்டு விட்டாச்சு. எந்நிட்டும் தும்மல் நிக்கல. நீ சோப்பு மாத்தினியா?"

"இல்ல சேட்டா."

பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். தப்பாகிவிட்டது என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு நேரம் நின்றேன்! சொல்லியிருந்தால் அங்கேயே அத்தனையையும் உதறியிருப்பேன். சத்தியமாக.

தும்மினார். "கரிப்புகை" என்றார். பிறகு, "விரிப்ப எண்ணி வாங்கு. இனி ஒண்ணும் காணாமப் போகாம பாத்துக்கோ."

அவர் போனதும் பூனை இரண்டும் துணி அடுக்கின் மேலே ஏறிவிட்டன. செம்பட்டை முடி வெள்ளைச் சட்டையில் தெரிந்துவிடும். அவனுக்குக் காவி முண்டு.