அம்மா அணியாத பெரு நாட்டுக் காசு

கட்டபெட்டு,
12.6.2025

அன்புள்ள பொன்னாயி அக்காவுக்கு,

தங்கை வாணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நான் கத்துவது ஹட்டன் முழுக்கக் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம்.

அம்மா துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த தங்கக் காசு நினைவிருக்கிறதா? மகன் ரவிக்குமார் அதைக் கோயம்புத்தூரில் பழைய நாணயம் வாங்கும் ஒருவரிடம் காட்டினான். சவரன் இல்லையாம். தென் அமெரிக்காவில் பெரு என்ற நாட்டில் 1863-இல் அடித்ததாம். அதில் இருக்கிற மரம் நம் நடுவட்டத்தில் காய்ச்சல் மருந்துக்கு வளர்த்த சிங்கோனா மரமாம். அரிதான காசு, ஏலத்துக்கு அனுப்பலாம், ஆனால் அது குடும்பத்துக்கு வந்த விதத்தை வீட்டுப் பெரியவர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றாராம். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டான்.

நான் என்ன எழுத? அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் இருந்தவர்களுக்கு அப்படிப்பட்ட காசு வேறு எப்படி வரும்? அம்மா போன பிறகு, அப்பா படுக்கையில் கிடந்தபோது கேட்டேவிட்டேன், "திருடுனதாப்பா?" என்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதுதான் பதில் என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எங்களை இலங்கையிலிருந்து கப்பல் ஏற்றிவிட்டு நீங்கள் கல்யாணமாகி அங்கேயே தங்கியபோது எனக்கு எட்டு வயது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். ஆனால் பொய்க்குக் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

அன்புடன்,
வாணி


ஹட்டன்,
3.7.2025

அன்புத் தங்கச்சி வாணிக்கு,

முழங்கால் இருக்கிறது, நடக்கத்தான் மாட்டேன் என்கிறது. உன் கடிதத்தைப் பேத்தி வாசித்தாள். பாதியில் பிடுங்கி நானே வாசித்தேன்.

அடி பைத்தியமே, அப்பா பங்களாவிலிருந்து ஒரு கரண்டி சீனி எடுத்து வந்தவர் இல்லை.

நீ பிறந்து நாற்பது நாள். துரைசாணிக்கும் பிள்ளை பிறந்தது. அவளுக்குப் பால் இல்லை, பால்மா அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்கள். நாலு மாதம் தினமும் போனாள். உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன், எனக்குப் பத்து வயது. உள்ளே அந்தப் பிள்ளை குடிக்கும். வெளியே கோழிக்கூட்டுப் பக்கம் என் தோளில் கிடந்து நீ கத்துவாய். மிச்சம்தான் உனக்கு.

சீமைக்குத் திரும்பும் அன்று துரைசாணி அந்தக் காசை அம்மா கையில் வைத்தாள். அவளுடைய தாத்தா பெருவில் ரயில் பாதை போட்டவராம், அவர் வைத்திருந்ததாம். அவள் சொன்னதை அப்பாதான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மா அதை ஒருநாளும் கழுத்தில் போட்டதில்லை. "எம்புள்ள வாயிலருந்து எடுத்துக் குடுத்ததுக்குக் கெடச்சது. அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்று அப்பாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினாள். அப்பா திரும்பிப் படுத்தது அதனால்தான். சாகும்போதும் வாய் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன். அம்மா திட்டினால் என்னைத் திட்டட்டும்.

உன் அக்கா,
பொன்னாயி


கட்டபெட்டு,
21.7.2025

என் அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ரவி பயந்துபோய், "என்னங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?" என்றான். பசிக்கிறது, சோறு போடு என்றேன். இப்படிப் பசித்துச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

பாவம் அம்மா. என்னைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருப்பேனே. மிச்சத்தைக் குடித்து வளர்ந்தவள் இன்று எழுபத்தெட்டு கிலோ. அந்தப் பிள்ளைக்கும் என் வயதுதான் ஆகியிருக்கும், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அப்பாவிடம்தான் மன்னிப்புக் கேட்க வழியில்லை. இத்தனை வருடம் அவர் படத்துக்குப் பூ வைப்பேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். நேற்று நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். கோபமாக இருப்பதுபோல் தெரியவில்லை.

காசை ஏலத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியதை அப்படியே எழுதிக் கொடுத்தேன், ஒரு வரி கூட்டவில்லை. கீழே பெயர் மட்டும் போட்டால் போதும் என்றான் ரவி. நான் முழுசாகத்தான் போட்டேன், இந்தக் கடிதத்தில் போடுவதுபோல.

இப்படிக்கு,
செல்லையா மகள் கோகிலவாணி