நாற்பத்து மூன்று நாள்

மார்ச் 3, திங்கள்

சோதனைக் கூடத்துக்கு ஏரி மீன் இருபத்திரண்டு வந்தது. செதில் சீவி, முள் எடுத்து, சதையை அரைத்து, குப்பியில் போட்டு எண் ஒட்டுவதிலேயே பொழுது போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் மீன். ஏரியில் படகு விடுகிற அண்ணன் வெறுங்கையோடு வருவதில்லை. மாமியார் வீடுகூட இந்த ஏரி மாதிரி கவனிக்காது என்கிறான். அண்ணிக்கு ஐந்தாம் மாதம். இரண்டு தடவை கலைந்து, இது மூன்றாவது. நிறைய மீன் சாப்பிடச் சொன்னாராம் டாக்டர். மருந்து மாதிரி வேளை தவறாமல் சாப்பிடுகிறாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "அத்தைன்னதும் உதைக்குது பாரு" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

மெஷின் காட்டிய எண்ணை மூன்று தரம் பார்த்தேன். அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு. கறை ஒட்டாத துணி செய்கிற ஆலையின் கழிவில் வருகிற ரசாயனம். மக்காது, அழியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மீனுக்குள் சேரும், மீனைத் தின்றவருக்குள் சேரும், தொப்புள்கொடி வழியாக — வேண்டாம்.

'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் கதவைச் சாத்தினார். மறுசோதனை முடிந்து மேலிடம் அறிவிக்கும் வரை வெளியே மூச்சு விடக்கூடாதாம். என் நிரந்தர ஆணை அவர் மேசையில்தான் இருக்கிறதாம். இரண்டையும் ஏன் சேர்த்துச் சொன்னார் என்று புரியாமல் இருக்க நான் என்ன பச்சைக் குழந்தையா? ஒன்பது வருஷமாகத் தற்காலிகம்.

மார்ச் 12, புதன்

அண்ணி பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். வயிறு சரியில்லை என்றேன். வீணாக்குவானேன் என்று அவளே எடுத்துக்கொண்டாள். முள் எடுத்து, நிதானமாக. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

இன்றும் எனக்கு வயிறு சரியில்லை.

மார்ச் 20, வியாழன்

மறுசோதனையிலும் அதே எண். ஆலைக்காரர்கள் அவகாசம் கேட்டிருக்கிறார்களாம். ஒரு மாதம் ஆகலாம் என்றார் மேலாளர். அவர் வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா?

மார்ச் 29, சனி

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். தினம் தினம் மீனா, கோழி வாங்கேன் என்று அண்ணனிடம். சிரித்தான். அண்ணி மட்டும் முகம் வாடி, "உனக்குப் புடிக்கலைன்னா சொல்லு, தனியா எதாவது செஞ்சு தரேன்" என்றாள். தொண்டை வரை வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆணை வந்துவிட்டது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் கொண்டுவந்தான், எனக்காக. இன்றைக்கு வயிற்றைச் சாக்குச் சொல்ல முடியவில்லை. நானும் சாப்பிட்டேன், என்னவோ அதிலேயே பாவம் தீர்ந்துவிடும் என்பது போல. நான் ஒரு துண்டு. அவள் மூன்று.

ஏப்ரல் 3, வியாழன்

ஆணைதான் கையில் இருக்கிறதே, இனி என்ன தடை? இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லலை என்று கேட்பார்கள். அதுதான் தடை.

ஏப்ரல் 23, புதன்

ஏரிக்கரையில் பலகை வைத்துவிட்டார்கள். மீன் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் கட்டாயம் கூடாது. சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைத்தாள். சட்டியை அப்படியே தூக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

நேத்துதான் என்றேன்.

நம்பிவிட்டாள். நல்லவேளை வீட்டுலயே ஒருத்தி அந்த வேலைல இருக்கியே என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். ஐயோ, என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 26, சனி

படகுக்காரர்களுக்கெல்லாம் அறிக்கையின் நகல் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். சோதித்த நாள் மார்ச் 11. கீழே என் கையெழுத்து.

அண்ணி விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அதான் நீ சாப்பிடலையா?"

என்னத்தச் சொல்ல? வேலை போயிரும்னு பயந்தேன்னா? சொன்னேன். அதையும் சொன்னேன்.

"ஊரு ஏமாத்துனா விட்டுருவேன். நீ எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருந்தியே" என்றாள்.

மே 4, ஞாயிறு

பெண்கள் விடுதி. மூன்று பேருக்கு ஒரு அறை. பெட்டியை அண்ணனே தூக்கிவந்து வாசலில் வைத்தான். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நடையில் டாக்டரை மடக்கிக் கேட்டேன், மீனாலா என்று. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார். யாராலும் சொல்ல முடியாதாம். இல்லை என்றும் சொல்ல முடியாது. இதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டுவது?

அண்ணன் வெளியே வந்து, அவ தூங்கறா, நீ கிளம்பு என்றான். குழந்தையை அவனும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ஏரிக்கரைக் குழந்தைகளின் ரத்த மாதிரி வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பிறந்த தேதி போட்டிருக்கும்போது எனக்கு எதற்குப் பெயர்? நானேதான் சோதித்தேன். வந்ததில் அதுதான் அதிகம்.

மேலாளரிடம் கேட்கவில்லை. எண் வந்த கால்மணி நேரத்தில் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தாள். பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது. முதல் முறையாக அதன் குரல். எண்ணைச் சொன்னேன், எந்த டாக்டரிடம் காட்டுவது என்றும் சொன்னேன். குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வரும்ல?"

வரும் என்றேன், ரெண்டு மூணு வாரம் ஆகும்.

"பரவால்ல. லெட்டர் போதும். இனிமே நீங்க கூப்பிட வேண்டாம்."

நீங்க என்றாள்.