பூட்டில்லாத பிரதி

மார்ச் 4

ஆய்வகத்துக் குளிர்பெட்டி மறுபடியும் மக்கர் செய்தது. தரையெல்லாம் தண்ணீர். நான் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது துறைத்தலைவர் வந்து நின்றார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கணக்குப்பிள்ளை. எந்தக் கட்டுரையையும் படிக்கமாட்டார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று மட்டும் எண்ணுவார்.

"எலி மருந்துக் கட்டுரை வந்து ஆறு மாசமாச்சு. ஒருத்தர்கூட காட்டலையேம்மா? டிசம்பர்ல உங்க ஒப்பந்தத்த நீட்டிக்கணும்னா குழு முன்னாடி நான் எதக் காட்டுறது?"

எலி மருந்தை விழுங்கியவர்களுக்கு முறிமருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. படித்தால்தானே காட்டுவார்கள்? பத்திரிகையின் தளத்தில் பூட்டிக் கிடக்கிறது. அக்காவிடம் போனில் புலம்பினேன். "நீ எழுதினத நீயே காசு கட்டித்தான் படிக்கணுமா? நல்ல பொழப்புடி!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

ஆய்வாளர்களுக்கென்றே இருக்கிறதே அந்த வலைத்தளம், அதில் என் பக்கத்தில் கட்டுரையை ஏற்றிவிட்டேன். அச்சில் வந்த அதே பிரதி, பிழை திருத்தி லட்சணமாக இருக்கிறது. போடக்கூடாதுதான். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் போடுகிறார்கள்.

மார்ச் 9

மூன்று பேர் படித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான்.

ஏப்ரல் 2

பத்திரிகையிலிருந்து மிரட்டல் மின்னஞ்சல். அச்சுப் பிரதி அவர்கள் சொத்தாம், எடுக்காவிட்டால் நடவடிக்கையாம். ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு வழக்கு ஒன்றுதான் குறைச்சல். உடனே நீக்கிவிட்டு நூலகரம்மாவிடம் ஓடினேன்.

அவர் பதறவே இல்லை. "அவங்க அச்சுக் கோத்தது அவங்களோடது. நீங்க டைப் பண்ணி அனுப்பி, அவங்க ஏத்துக்கிட்டாங்க இல்ல, அந்தப் பிரதி உங்களோடது. அதத் தாராளமாப் போடுங்க, ஒருத்தரும் கேக்க முடியாது."

மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் பழைய கோப்பைத் தேடினேன். 'ஏற்கப்பட்டது - இறுதி' என்று நானே பெயர் வைத்திருந்தேன். ஏற்றியாயிற்று. இனி சட்டப்படி யாரும் வாலாட்ட முடியாது. அப்பாடா.

மே 9

படித்தவர்கள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது! எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகள். பெயர்கூட வாயில் நுழையாத ஊர்கள்.

எதற்காக இப்படி ஏற்றுகிறோம்? அறிவு எல்லாருக்கும் பொது என்று மேடையில் பேசுவோம். எனக்கென்ன, மறைத்துச் சொல்லவா போகிறேன்? பெற்ற பிள்ளையைத் தெருவில் யாராவது கொஞ்சினால் வருமே, அந்த அற்பப் பெருமை. அப்புறம் டிசம்பர். இந்த இரண்டுக்கும் அடியில் எங்கேயோ, யாருக்காவது உதவட்டும் என்கிற எண்ணமும் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

மே 21

தளத்திலிருந்து மின்னஞ்சல் மழை. 'உங்களை ஒருவர் படித்தார்.' 'இந்த வாரம் உங்கள் துறையில் நீங்கள்தான் முதலிடம்.' நானும் வெட்கமில்லாமல் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறேன். "சீரியல் பாக்குறவங்க உனக்குத் தேவல" என்றாள் அக்கா. ரோஷம் வந்து 'எல்லா அறிவிப்புகளையும் நிறுத்து' என்பதை அழுத்திவிட்டேன். இனி வேலையைப் பார்க்கலாம்.

ஜூன் 16, திங்கள்

கை ஓடவில்லை. எழுதினால் நிதானம் வருமா?

காலையில் எண்ணிக்கை பார்ப்போமே என்று தளத்தைத் திறந்தேன். செய்திப் பெட்டியில் ஒன்று. வெள்ளிக்கிழமை வந்தது. அறிவிப்புகளைத்தான் நிறுத்தி வைத்திருந்தேனே. ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டர் எழுதியிருந்தார்: "அட்டவணை இரண்டில் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு எட்டு மில்லிகிராம் என்று இருக்கிறது. அதிகமாகத் தெரிகிறது. சரிதானா? குழந்தை எங்களிடம் இருக்கிறாள். உடனே பதில் வேண்டும்."

எட்டு பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு மூன்று.

அச்சுக்கு முன் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தவர் கேட்டிருந்தாரே - இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று. மாறித்தான் இருந்தன. நன்றி சொல்லித் திருத்தினேன். திருத்தியது அவர்களுடைய பிரதியில். என் கோப்பை யார் திருத்துவது? நான் தொடவே இல்லை. அதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறேன். பூட்டிக் கிடப்பது சரியானது. திறந்து வைத்தது தப்பு.

கோப்பை எடுத்துவிட்டேன். 'மூன்று' என்று டாக்டருக்குப் பதில் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குத் திங்கட்கிழமை பதில். போன் எண் கேட்டிருக்கிறேன். கடவுளே, அவரு சந்தேகப்பட்டுக் குடுக்காம இருந்திருக்கணும்.

ஜூன் 17

அவரே கூப்பிட்டார். பெண் டாக்டர், சின்ன வயதுக் குரல். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பிஸ்கட்டுன்னு நெனச்சு எலி மருந்தத் தின்னுட்டா மேடம். அஞ்சு வயசு. பத்திரிகைக்குச் சந்தா கட்ட எங்க ஆஸ்பத்திரிக்கு வசதி இல்ல. உங்களோடது ஒண்ணுதான் முழுசாக் கெடச்சுது. உங்க பதிலுக்கு முடிஞ்ச மட்டும் காத்திருந்தோம். அதுக்கு மேல தாங்காதுன்னு குடுத்துட்டோம். மருந்து ஏறினதும் இதயம் நின்னுடுச்சு."

அம்மா அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். குழந்தையின் எடையைத்தான் கேட்டேன்.

ஜூன் 18

நான்தான். வேற யாரு?

ஜூன் 20

கணக்குப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "பத்திரிகைல சரியாத்தானே இருக்கு? சத்தம் போடாம கோப்ப மாத்திட்டு விடுங்க. நீங்களே போய் ஏம்மா தலையக் குடுக்குறீங்க?" என்றார்.

மாற்றினேன். ஆனால் சத்தம் போட்டேன். 'இங்கே முன்பு இருந்த பிரதியில் குழந்தைகளுக்கான அளவு தவறு, அதை நம்பி மருந்து கொடுக்காதீர்கள்' என்று பக்கத்தின் உச்சியில் போட்டுவிட்டு, படித்தவர்களில் பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்கள் கணினியில் எட்டு இன்னும் எட்டாகவே இருக்கும்.

ஜூலை 3

அக்கா வந்து இரண்டு நாள் இருந்தாள். அவள் பெண்ணும் வந்தாள். அவளுக்கும் ஐந்து வயதுதான். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

செப்டம்பர் 11

அறிவிப்புகளைத் திரும்பத் திறந்துவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை போன் முனகும்போதும், நடு ராத்திரியானாலும் எழுந்து பார்க்கிறேன். அணைக்கமாட்டேன்.

டிசம்பர் 5

கணக்குப்பிள்ளை இன்று சிரித்த முகத்தோடு என் மேசைக்கே வந்தார். "வந்துடுச்சும்மா! முதல் மேற்கோள். குழு ஒத்துக்கிச்சு, இன்னும் ரெண்டு வருஷம்." ஒப்பந்தத் தாளை வைத்துவிட்டுப் போனார். எந்தக் கட்டுரை, எழுதியது யார் என்று அவர் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்திருக்கிறார்?

நான் பார்த்தேன். அந்த டாக்டர்தான் எழுதியிருக்கிறார். சுருக்கம் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் பூட்டு. தளத்தில் 'ஆசிரியரிடம் பிரதி கேள்' என்ற பொத்தானை அழுத்தினேன்.

டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: "அச்சுப் பிரதிதான் மேடம், அனுப்பக் கூடாதுன்னு தெரியும். இன்னொரு டாக்டர் அந்தப் பழைய பிரதிய வச்சிருந்தா என்ன பண்றது? கேக்குற எல்லாருக்கும் குடுங்க."

முதல் பக்கத்திலேயே இருந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை. முறிமருந்து, கிலோவுக்கு எட்டு மில்லிகிராம். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஏழு என்ற எண். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் ஏழுக்கு நேராக என் பெயர்.

அவர் கட்டுரையின் அட்டவணையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அதை அப்படியே என் பக்கத்தில் ஏற்றினேன். பிறகு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.